சந்தனம் பூசிய இரட்டைக்குழல்

ஓய்வு பெற்றவர்கள்தான் தங்கள் வேலை அனுபவத்தை எழுத வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் அதைப் படித்திருப்பேன். முப்பது வயதில் நான் ஓய்வு பெற்றது உழைப்பிலிருந்து அல்ல, ஒரு கவுன்டரிலிருந்து. தென் லண்டனில், டிராம் தரிப்பிலிருந்து நாலு கட்டிடம் தள்ளி, துப்பாக்கி விற்கும் கடை ஒன்றின் கவுன்டர். அங்கே எட்டு வருடம் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தபடி மறுத்தால் வாடிக்கையாளருக்கு அவமானம், நின்றபடி மறுத்தால் மரியாதை என்பது எங்கள் மனேஜரின் கருத்து.

அந்தக் கவுன்டரை இப்போது கழற்றுகிறார்களாம். இனி முன்பதிவு செய்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம்; சான்றிதழ்களை ஒரு திரை சரிபார்க்கும். என் இடத்துக்கு வந்த வவுனியாப் பிள்ளை தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, "அக்கா, உங்கட காலத்தில எப்பிடி இருந்தது எண்டு எழுதித் தாங்கோவன்" என்று கேட்டாள். என் காலம் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் கேட்டது பிடித்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர், அப்பா அதுவும் இல்லை. நான் பல்கலைக்கழகமும் போய் வணிக முகாமைத்துவத்தில் பட்டம் வாங்கினேன். பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சாமிப் படத்தைவிட ஒரு விரற்கடை உயரத்தில் தொங்குகிறது. அந்தப் பட்டத்தைக் கொண்டு நாற்பத்தியேழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். பதில் போட்ட ஒரே இடம் துப்பாக்கிக் கடை.

அப்பா ஊரில் துவக்குகளிடமிருந்து, அதாவது துப்பாக்கிகளிடமிருந்து, தப்பிக் கடல் தாண்டி வந்தவர். செய்தியைக் கேட்டு, "ஏன் பிள்ளை, லண்டனில வேற சாமான் ஒண்டும் விக்கிறேல்லையே?" என்று மட்டும் கேட்டார். அம்மா நடைமுறைக்காரி. ஊருக்கெல்லாம் நான் ஸ்போர்ட்ஸ் சாமான் கடையில் வேலை செய்வதாகச் சொல்லிவிட்டார். அது முழுப்பொய்யும் அல்ல. ஆனால் ஹரோவிலிருந்து வந்த ஒரு கலியாணப் பேச்சில், மாப்பிள்ளைக்கு ஓடுகிற சப்பாத்து கழிவு விலையில் எடுத்துத் தர முடியுமா என்று அவருடைய தாயார் கேட்டபோது கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

பயிற்சி மூன்று மாதம். அதில் நான் செய்தது வாசிப்பு. சட்டம், அதன் திருத்தங்கள், பொலிஸ் வழிகாட்டி, பிறகு கடையின் சொந்த விதிகள். கடை விதிகளை மனேஜர் தானே தட்டச்சு செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வளையம் போட்டுக் கட்டியிருந்தார். வேலைக்கு வந்தவர்களில் அதைக் கடைசிப் பக்கம் வரை வாசித்த முதல் ஆள் நான் என்று அவர் சொன்னார். பாராட்டா புகாரா என்று தெரியவில்லை. நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மனேஜரின் பெயர் பெல்லமி. அவர் ஒருநாளும் 'முடியாது' என்று சொன்னதில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, "கடையால் இயலாமல் இருக்கிறது" என்பார், கடைக்கு மூட்டுவலி வந்ததுபோல. வாடிக்கையாளர் கத்தினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நெடுநேரம் கத்தினால் நெடுநேரம் துடைப்பார். லண்டனிலேயே மிகச் சுத்தமான கண்ணாடி அவருடையதாகத்தான் இருக்கும்.

கவுன்டரில் ஒரு பச்சைத் துணி விரிப்பு. துப்பாக்கி எதுவானாலும் கைக்கு வந்தவுடன் முதல் வேலை, அதை நடுவில் மடித்துத் திறந்து, குழல்கள் இரண்டும் வெறுமையா என்று பார்ப்பது. அலமாரியிலிருந்து நீங்களே ஒரு நிமிடத்துக்கு முன் பார்த்து எடுத்ததாக இருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். திறந்த நிலையிலேயே விரிப்பில் வைக்க வேண்டும். திறந்த நிலையிலேயே அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பிறகு, துப்பாக்கி வைத்திருக்கப் பொலிஸ் தரும் சான்றிதழ். படம், பெயர், முகவரி, முடியும் தேதி, கடைசியாக மையால் போட்ட கையெழுத்து. விற்றால் அதிலேயே எழுதி, ஒரு வாரத்துக்குள் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கடையால் இயலாமல் போய்விடும்.

வாடிக்கையாளர்கள் இந்த விதிகளை மிகவும் ஆதரித்தார்கள், மற்ற வாடிக்கையாளர்களுக்கு. நாட்டில் கண்டவனெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று அரை மணி நேரம் கவலைப்பட்ட ஒரு கனவான், தன் சான்றிதழ் முந்தின நாள் காலாவதியாகிவிட்டது என்று நான் காட்டியதும் திகைத்துப் போனார். நேற்றுத்தானே என்றார். நேற்று என்பதால்தான் என்றேன். நாற்பது வருடமாகச் சுடுகிறேன் என்றார். அதை மறுக்க நான் யார்? இன்னொருவர் தன் சான்றிதழில் கையெழுத்தே போட்டிருக்கவில்லை. பேனாவை நீட்டினேன். தன் கையெழுத்தைக் கேட்டு இதுவரை யாரும் அவமதித்ததில்லை என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தின் கீழும் கையெழுத்து இல்லை. பெல்லமி அதைத் தன் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார்.

பெரும்பாலானோருக்கு விதியைவிட என்னைத்தான் ஏற்க முடியவில்லை. விவரம் தெரிந்த ஆள் யாரும் இல்லையா என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் பெல்லமி ஒரு முறை வைத்திருந்தார். வருவார். கேள்வியைக் கவனமாகக் கேட்பார். என் பக்கம் திரும்பி, அதே கேள்வியை என்னிடம் கேட்பார். நான் சொல்லும் பதிலை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல், தன் கனத்த குரலில் வாடிக்கையாளருக்குச் சொல்வார். அவரும் திருப்தியாகத் தலையாட்டுவார். எட்டு வருடத்தில் ஒருவர்கூட இதில் ஏதோ விசித்திரம் இருப்பதாகச் சொன்னதில்லை.

நம் ஆட்கள் குறைவாகத்தான் வருவார்கள். வந்தால் மறக்க முடியாதபடி வருவார்கள். டூட்டிங்கிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பையன், கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்கு அரை நாள் வாடகைக்கு ஒரு துவக்கு கேட்டு வந்தான். வாடகைக்கு விடுவதில்லை என்றேன். "அக்கா, சுடப் போறேல்லை. தோளில வைச்சுக்கொண்டு மெல்லமா நடக்கத்தான்" என்றான். பொம்பிளைக்கு இது தெரியுமா என்று கேட்டேன். யோசனையே அவவுடையதுதான் என்றான்.

ஒரு டொக்டரும் வருவார். ஹரோவில் வீடு, யாழ்ப்பாணத்துக்காரர். மருத்துவமனை நண்பர்களோடு சேர்ந்து, வானத்தில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடப் பழகியவர். ஹரோவிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து எங்கள் கடைக்கு வருவார், அங்கே தமிழர் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. பார்த்தது நான். அவர் என் பெயர் அட்டையை வாசித்தார், நான் அவருடைய சான்றிதழில் பெயரை வாசித்தேன். அதன்பின் ஆறு வருடம் இருவரும் அழகான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். ஒரு நல்ல இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினார். கையெழுத்து சரியாகப் போட்டிருந்தார். பிறகு வருவது நின்றுவிட்டது. இனி நான் சொல்லப் போவது அந்தத் துப்பாக்கியைப் பற்றி.

ஒரு கார்த்திகை மாதப் பகல். கடைக்குள் குணம் அண்ணை வந்தார். மிச்சம் என்ற தென் லண்டன் பகுதியில், எங்கள் தெரு முனையில் மூலைக்கடை வைத்திருப்பவர். அம்மா அவரிடம்தான் இருபது வருடமாகக் கருவேப்பிலையும் மரவள்ளியும் வாங்குகிறார். தோளில் பாட்மின்டன் பை ஒன்றைப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்குத்தான் அதிர்ச்சி.

"நீர் ஸ்போர்ட்ஸ் கடையில எண்டெல்லோ அம்மா சொன்னவ?"

"இதுவும் ஸ்போர்ட்ஸ்தான் அண்ணை" என்றேன்.

சரி, தெரிந்த பிள்ளை இருப்பது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து, டொக்டரின் துப்பாக்கியைப் பச்சை விரிப்பில் வைத்தார்.

எடுத்தேன், மடித்துத் திறந்தேன். வெறுமை. ஆனால் குழலின் மேல் மூன்று விபூதிக் குறி. நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதற்குள் குங்குமம். பக்கத் தகட்டில் செதுக்கியிருந்த கொடிவேலைப்பாடு முழுதும் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அந்தச் சந்தனத்துக்குக் கீழே துரு.

அவர் ஒளிக்கவே இல்லை. கேட்க முன்பே எல்லாம் சொன்னார். டொக்டர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். போன மார்கழியில் மாரடைப்பில் தவறிவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும், வழக்கப்படி மச்சாள், அண்ணனின் மனைவி, அவருடைய பொருட்களை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தா. கைக்கடிகாரம் மருமகனுக்கு. கோல்ஃப் மட்டைகள் ஒன்றுவிட்ட தம்பிக்கு. துவக்கு, உடன்பிறந்த தம்பி என்பதால் குணம் அண்ணைக்கு. ஒரு பட்டு வேட்டியின் மேல் வைத்துக் கொடுத்தா. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வீடியோக்காரன் வடிவா விழேல்லை எண்டு திரும்பவும் வாங்கச் சொன்னவன். ரண்டு தரம் வாங்கினனான்" என்றார். பிறகு ஹரோவிலிருந்து ரயிலிலும் டிராமிலும் மிச்சத்துக்குக் கொண்டு வந்தார். பத்து மாதமாகக் கடையின் பின்னறையில், அரிசிச் சாக்குகளுக்கு இடையில் இருந்தது. நவராத்திரியில் ஆயுத பூசைக்கு எடுத்துத் தராசுக்கும் கல்லாப் பெட்டிக்கும் பக்கத்தில் வைத்துச் சந்தனம் பூசினார். இப்போது ஆண்டுத் திவசம் வருகிறது. அண்ணனின் படத்துக்கு முன்னால் படையலில் வைக்கவேண்டும், துருவை எடுத்து மினுக்கித் தரமுடியுமா என்று கேட்டார்.

இப்படி ஒரு குற்றத்தை இவ்வளவு பக்தியோடு யாரும் செய்து நான் கண்டதில்லை.

சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அண்ணனின் மரணச் சான்றிதழ்.

அவருக்கு விளங்கும்படி சொன்னேன். துப்பாக்கி ஆளுக்கு உரியது அல்ல, சான்றிதழுக்கு உரியது. ஆள் போனால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவருக்குக் கொடுத்தது குற்றம், வாங்கியதும் குற்றம், வைத்திருந்தது பெரிய குற்றம். சிறைக்கும் போகலாம். டிராமில் கொண்டு வந்ததைப் பற்றி நான் அவரிடம் பேசவே இல்லை.

அவர் கை தானாகத் துப்பாக்கியின் பக்கம் போனது. "அப்ப தாங்கோ பிள்ளை. நான் வரேல்லை எண்டு நினையும். வீட்டை கொண்டு போறன்."

அதற்குள் பெல்லமி வந்துவிட்டார். தமிழ் தெரியாவிட்டாலும் சந்தனப் பொட்டைப் பார்த்தார், பாட்மின்டன் பையைப் பார்த்தார். துப்பாக்கியைத் திறந்தபடியே முன்கையில் சாய்த்து எடுத்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலுக்குக் கொண்டுபோவது போல, பின்னால் இருக்கும் இரும்பறைக்குப் போனார். பூட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து குணம் அண்ணையிடம், சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார். உலகம் இடிந்து விழுந்தாலும் பெல்லமி முதலில் தேநீர்தான் போடுவார்.

கடை விதி பதினான்கு. தாள் இல்லாமல் வந்த துப்பாக்கி வெளியே திரும்பிப் போகாது. அன்றைய தினம் கவுன்டர் மூடுமுன் பொலிஸுக்குத் தொலைபேசியில் அறிவிக்கவேண்டும். கையில் வாங்கியவர் தன் கைப்பட, கொண்டு வந்தவர் முன்னிலையில், பதிவேட்டில் எழுதி, அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கையில் வாங்கியது நான்.

குணம் அண்ணை தேநீரைத் தொடவில்லை. அப்போதுதான் சொன்னார், குரலைத் தாழ்த்தி. "பிள்ளை, என்ர சிற்றிசன் பேப்பர் உள்ளுக்குக் கிடக்கு. இருவது வரியமாப் பயந்து பயந்து இப்பதான் போட்டனான். நல்ல நடத்தையோ எண்டு பாப்பினமாம். பொலிஸ் எண்டு ஒரு சொல்லு விழுந்தா அவ்வளவுதான்."

அகதியாக வந்து, இரண்டு முறை மறுக்கப்பட்டு, கடைசியில் குடியுரிமை இல்லாமல் இருக்க மட்டும் அனுமதி கிடைத்தவர் அவர். நாட்டில் நிரந்தரமாக இருந்தும், கதவில் யாராவது இரண்டு தரம் தட்டினால் பின்னறைக்குப் போய்விடுவார். மிச்சத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

மச்சாளோடு பேசினால் சரிவரும் என்று தோன்றியது. கொடுத்தவர் அவரே சொன்னால் பாதிப் பாரம் குறையும். குணம் அண்ணை தன் தொலைபேசியில் ஹரோவுக்கு எடுத்து, எனக்கும் கேட்கும்படி கவுன்டரில் வைத்தார். துவக்கு, பொலிஸ் என்ற இரண்டு சொற்களை மச்சாள் அமைதியாகக் கேட்டா. பிறகு சொன்னா:

"நான் எங்கை குடுத்தனான் குணம்? நீரெல்லோ அண்ணையின்ர ஞாபகம் எண்டு எடுத்துக்கொண்டு போனனீர். எனக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்?"

வைத்துவிட்டா. அண்ணன் வீட்டில் பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போனவர், தொலைபேசியைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார். மெல்ல நிமிர்ந்து, "அவவை விடும். தனிச்ச மனிசி. நான்தான் எடுத்தனான் எண்டு எழுதும்" என்றார்.

நான் எழுதினேன். பதிவேட்டில் மூன்று வரி விட்டிருந்தார்கள். நான் இடப்பக்கம் சாயும் என் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி ஒட்டினேன். பகல் பதினொன்றே காலுக்கு இவர் தானாக வந்தார். பையைத் தானே திறந்தார். சுத்தம் செய்து தரக் கேட்டார். தோட்டா கேட்கவில்லை. பெயரையும் முகவரியையும் நான் கேட்குமுன் சொன்னார். துப்பாக்கியில் சமயச் சின்னங்கள் இருந்தன, சுட்ட அடையாளம் எதுவும் இல்லை. முப்பத்தோராம் நாள் சடங்கில், உறவினர் முன்னிலையில், இறந்தவரின் மனைவி தந்ததாகவும், வீடியோ எடுப்பவர் கேட்டதால் இரண்டு முறை வாங்கியதாகவும் முதலில் சொன்னார். அந்த அம்மையாரோடு தொலைபேசியில் பேசிய பிறகு, தானே எடுத்ததாகச் சொன்னார். இரண்டையும் அவர் சொன்ன வரிசையில் எழுதியிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வீடியோ வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த வரியை வெட்டும்."

"நீங்கள் சொன்னதுதானே அண்ணை."

"சொன்னனான். இப்ப சொல்லேல்லை எண்டு வையும். பிறகு அவவையும் கூப்பிடுவாங்கள். வெட்டும் பிள்ளை. அப்பிடியே திகதியையும் மாத்தி, போன கிழமைதான் கையில வந்தது எண்டு போடும். பத்து மாதம் எண்டா நான் துலைஞ்சன்."

"ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது? பேனை உம்மட கையில."

அது உண்மை. பேனா என் கையில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்துப் பழகிய கை. ஒரு வரி, ஒரு தேதி. பெல்லமிக்குத் தமிழ் விளங்காது, ஆங்கிலத்தில் நான் எழுதியதைத்தான் நம்புவார். ஆனால் அந்தப் பத்து மாதத்தை ஒரு வாரமாக்கினால், சந்தனத்துக்குக் கீழே உள்ள துருவையும் மரணச் சான்றிதழின் தேதியையும் வைத்து ஒரு பொலிஸ்காரர் அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பார். அதன்பின் அந்தத் தாளில் உள்ள எந்த வரியையும் யாரும் நம்பப் போவதில்லை, அவர் தானாக வந்தார் என்பது உட்பட. இதை அவருக்குச் சொன்னேன். சொன்ன விதம் அவ்வளவு இதமாக இருந்திருக்காது. எனக்குச் சரி என்று பட்டதை இதமாகச் சொல்ல எனக்கு இன்னும் வருவதில்லை.

"படிச்ச ஆக்களெண்டா இப்பிடித்தான்" என்றார் குணம் அண்ணை. "ஒரு மனிசனைவிட ஒரு வரி பெரிசு. உம்மட கொம்மா இருவது வரியமா என்ர கடையிலதான் வாங்குறா. அதையும் எழுதுமன் உதில."

எழுதவில்லை. வழக்குக்குச் சம்பந்தமில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். விதி பதினான்கை மறுபடி வாசித்தேன். கவுன்டர் மூடுமுன் பொலிஸுக்கு அழைப்புப் போகவேண்டும் என்றுதான் இருந்தது. இலக்கத்தை அழுத்துவது யார் என்று இல்லை. பெல்லமியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வாடிக்கையாளரே அழைப்பதைக் கடையால் தடுக்க இயலாமல் இருக்கிறது என்றார். அந்த ஆள் எழுதிய விதியில் ஒரு ஓட்டையை அவருக்கே காட்டினேன், அவர் அதில் எங்களைப் போகவிட்டார். நான் கண்ட மேலதிகாரிகளில் அப்படி இன்னொருவர் இல்லை.

குணம் அண்ணையை அழைக்கச் சம்மதிக்க வைக்க ஒரு மணி நேரம் ஆனது. கடையின் தொலைபேசியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்றேன். அவருக்கு ஆங்கிலம் வரும், பால் கணக்குக்கும் கவுன்சில்காரருக்கும் போதுமான ஆங்கிலம். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. நான் மெல்லச் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். 'என் இறந்த அண்ணனின் துப்பாக்கியை ஒப்படைக்க விரும்புகிறேன்' என்ற வாக்கியத்தில் 'இறந்த' என்ற இடத்தில் நின்றுவிட்டார். மறுமுனையில் இருந்தவர் காத்திருந்தார். பெல்லமி ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார். பிறகு குணம் அண்ணை தானே, என் உதவி இல்லாமல், மீதியைச் சொன்னார்.

பின்னேரம் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பெண்ணும் ஓர் ஆணும். பதிவேட்டைப் பெண் அதிகாரிதான் வாசித்தார். மூன்று வரிக்கு ஒன்றரைப் பக்கம் கண்டு முதலில் புருவத்தை உயர்த்தினார். பிறகு உயர்த்தியபடியே கடைசிவரை வாசித்தார். குணம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, விசாரணைக்கு அழைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குடியுரிமை அலுவலகத்துக்கும் இதை அவரே எழுதி அறிவிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் எந்தப் பத்திரிகையும் வெளியிடாது. ஆனால் இரண்டு நாள் கழித்துக் கடிதத்தின் நகலை அம்மாவிடம் கொடுத்தனுப்பினார், பிழை பார்த்துத் தரச் சொல்லி. பிழை இருந்தது. திருத்தினேன்.

அடுத்த நான்கு மாதம் எங்கள் வீட்டில் கருவேப்பிலை இல்லை. அம்மா அந்தக் கடைக்குப் போகக் கூச்சப்பட்டார். அந்தாள் ஜெயிலுக்குப் போனால் அவருடைய பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பது என்று கறி தாளிக்கும்போதெல்லாம் கேட்பார். தெரிந்த மனுஷனுக்கு ஒரு வரியை விட்டுக்கொடுத்தால் என்ன என்றும் கேட்பார். ஆண்டுத் திவசம் துவக்கு இல்லாமல் நடந்தது. டொக்டருக்குப் பிடித்த மீன் பொரியலும் ஒரு களிமண் தட்டும் படைத்தார்களாம். ஸ்போர்ட்ஸ் கடைக் கதையும் அத்தோடு முடிந்தது. நான் விற்பது என்னவென்று மிச்சம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹரோ மாப்பிள்ளை வீட்டாருக்கும்.

பங்குனியில் அந்தப் பெண் அதிகாரி வேறு ஒரு வேலையாகக் கடைக்கு வந்தார். தானாகவே சொன்னார். அந்தியேட்டி வீடியோவை வாங்கிப் பார்த்தார்களாம். மூன்று மணி நேர வீடியோ. முதல் இரண்டு மணி நேரம் யார் யாருக்கு எந்தப் பாத்திரத்தில் பரிமாறுகிறார்கள் என்பது. இரண்டாம் மணி முடிவில், பட்டு வேட்டியில் துப்பாக்கி வைத்து மச்சாள் நீட்டுகிறா, தம்பியார் அழுதபடி வாங்கிக் கண்ணில் ஒற்றுகிறார், பின்னணியில் வீடியோக்காரன் சேர்த்த நாதஸ்வரம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. திருடியவன் எவனும் இப்படி வாங்கமாட்டான் என்று அவர் சொன்னார். கொடுத்தவரைக் காப்பாற்றத்தான் குணம் அண்ணை தன் பேச்சை மாற்றினார் என்பது நான் எழுதிய வரிசையிலேயே தெரிந்தது என்றார். அந்த வீடியோ வரி இல்லாவிட்டால், ஹரோ அம்மையாரின் சொல்லுக்கு எதிராக இவருடைய சொல் மட்டும்தான் நின்றிருக்கும். வழக்கு இல்லை. இருவருக்கும் வாய்மொழி எச்சரிக்கை மட்டும். துப்பாக்கி முறைப்படி சான்றிதழ் உள்ள ஒருவருக்கு விற்கப்பட்டது. சந்தனத்தை எடுக்கப் பணிமனையில் இரண்டு நாள் ஆனது.

அதே வருட ஆவணியில் குணம் அண்ணைக்குக் குடியுரிமை கிடைத்தது. கோட்டும் டையும் போட்டு, பிள்ளைகள் இருவரும் இரண்டு பக்கம் நிற்க, சத்தியம் செய்துவிட்டு வந்தார். கடை வாசலில் லட்டு கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது, அம்மா பெயருக்கு.

நான் கவுன்டரை விட்டு இப்போது கவுன்சிலில் உரிமப் பிரிவில் இருக்கிறேன். அங்கே மறுப்பதற்கு நாற்காலி தருகிறார்கள். பெல்லமி என் கடைசி நாளில் கடை விதிகளின் வளையப் பிரதி ஒன்றைத் தந்தார். விதி பதினான்கில் ஒரு வரி கூடியிருந்தது: கொண்டு வந்தவர் விரும்பினால் அவரே முதலில் அழைக்கலாம். தட்டச்சு செய்தது அவர். வாக்கியம் என்னுடையது.

போன சனிக்கிழமை அம்மா கருவேப்பிலையோடு வந்தார். குணம் அண்ணை இன்றைக்கும் வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஒரு துவக்குக் கடைப் பிள்ளை தன்னைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்கப் பார்த்ததாம், ஒரு வரியைக்கூட வெட்டமாட்டேன் என்று நின்றதாம். தான் வைத்த நேர்த்திக்கு இரங்கி, அவர்களின் கண்ணில் அந்த வீடியோவைப் படவைத்துக் காப்பாற்றியது பிள்ளையார்தானாம்.

நான் மறுக்கவில்லை. அந்தப் பிள்ளையாரின் கையெழுத்து எனக்குத் தெரியும். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.